சங்கத்துக்குத் தலையாட்டாத நாற்காலிக்காரி

நாற்காலியை வாடகைக்கு விடுவதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்கிற மேதாவிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் வாசலில் வந்து நிற்கும்போது, உட்காரச் சொல்ல ஒரு நாற்காலி இல்லாமல் போகட்டும். அப்போது தெரியும் அது தொழிலா இல்லையா என்று.

அந்தக் கடைத்தெருவில் நாற்காலி அக்காவைத் தெரியாதவர் கிடையாது. அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சும்மா வந்த மரியாதை இல்லை அது. பள்ளிக்கூடத்தில் அவள் படித்தது கூட்டல், கழித்தல் வரைக்கும்தான். பெருக்கல் வருவதற்குள் கையில் துடைப்பத்தைக் கொடுத்து, நகர மண்டபத்தைப் பெருக்க அனுப்பிவிட்டார்கள். அங்கேதான் அவள் தொழில் கற்றாள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கண் இருந்தது, பார்த்தாள்; அவ்வளவுதான்.

விசேஷம் முடிந்ததும் கால் கோணிய இரும்பு மடக்கு நாற்காலிகளை மண்டபத்துக்காரர்கள் பின்கட்டில் வீசிவிடுவார்கள். மழையில் நனைந்து துருப்பிடிக்கும். "இதை எனக்குக் குடுத்துடுங்க, சம்பளத்துல பிடிச்சுக்குங்க" என்று அவள் கேட்டபோது சிரித்தார்கள். அவள் புருஷன் சைக்கிள் கடையில் வேலை பார்த்தவர். பேச்சு குறைவு, சுத்தியல் அதிகம். கோணலை எல்லாம் தட்டி நிமிர்த்தினார். அவள் உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்தாள். இருவருமாகத் தேய்த்த தேய்ப்பில் நாற்காலியும் பளபளத்தது, விரல் ரேகையும் அழிந்தது.

முதல் வாடகை ஓர் இழவு வீட்டில் வந்தது. சாவு தேதி சொல்லிக்கொண்டு வருவதில்லை. விடியற்காலையில் வந்து கதவைத் தட்டினால் பெரிய கடைக்காரர்கள் புரண்டு படுப்பார்கள். இவள் எழுந்தாள். தள்ளுவண்டியில் நாற்காலிகளை அடுக்கி, புருஷன் முன்னால் இழுக்க, பின்னால் தானே தள்ளிக்கொண்டு போய் இறக்கினாள். அன்றைக்கு அழுத வீட்டுக்காரர்கள், அடுத்த வருஷம் கல்யாணத்துக்கும் அவளையே கூப்பிட்டார்கள்.

பொறுப்பார்களா மற்றவர்கள்? ஏற்கெனவே கடை வைத்திருந்த மேடைக்காரர், "அவ நாற்காலியில உட்கார்ந்தா இடுப்பு நம்ம கையில வந்துடும்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கல்யாண மேடை கட்டுகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். கட்டுகிற மேடையைவிட அவர் பேச்சுதான் உயரம். அக்கா என்ன செய்தாள் தெரியுமா? பட்டப்பகலில் தன் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் அவர் கடை வாசலில் போட்டு, அதன் மேல் ஏறி நின்று, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குதித்தாள். ஒரு தடவை இல்லை, தெரு கூடும் வரைக்கும் குதித்தாள். நாற்காலி அசையவில்லை. "இப்ப உங்க நாற்காலியைக் கொண்டாங்க, அதுலயும் ஏறிக் குதிக்கிறேன்" என்றாள். மேடைக்காரர் கொண்டு வரவில்லை.

இப்படித்தான் அவள் வளர்ந்தாள். யாரும் தூக்கிவிட்டதில்லை, தள்ளிவிடப் பார்த்தவர்கள்தான் அதிகம். பழைய மாவு மில்லை வாடகைக்குப் பிடித்துக் குடோன் ஆக்கினாள். இரும்பு போய்ப் பிளாஸ்டிக் வந்தது. வெள்ளை நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூண் தூணாகத் தகரக் கூரையைத் தொட்டு நின்றன. பின்னால் தண்ணீர்த் தொட்டி, சோப்புத் தூள், தேங்காய் நார். கழுவுகிற வேலையும் குடோன் பொறுப்பும் கொழுந்தனிடம் இருந்தன. புருஷனுடைய தம்பி, நல்லவன்தான். யார் எதைச் சொன்னாலும் சரி என்று நம்பிவிடுகிற நல்லவன். அந்த மாதிரி நல்லவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

காலப்போக்கில் வாடகைக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். மேடைக்காரர் தலைவர். பாத்திரக்காரர், விளக்குக்காரர், இன்னும் ஓரிருவர், அக்கா. சங்கத்தால் ஒரு நன்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது. பெரிய கல்யாணத்துக்கு ஒரு கடை நாற்காலி போதாது. ஆர்டர் பிடித்தவர் மற்றவர்களிடம் கை மாற்றாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். மறுநாள் காலையில் மண்டபத்துப் பின்கட்டில் எல்லாரும் கூடுவார்கள். நாற்காலி எல்லாம் ஒரே அச்சில் வார்த்த பிள்ளைகள். முகத்தைப் பார்த்து யாருடையது என்று சொல்ல முடியாது. கவிழ்த்துப் பார்க்க வேண்டும். உட்காரும் பலகைக்கு அடியில் அவரவர் அடையாளம் இருக்கும். மேடைக்காரருக்குப் பச்சைக் கோடு. அக்காவுக்குச் சிவப்பு வளையம். கவிழ்த்துக் கவிழ்த்து, "இந்தா உன்னுது, இந்தா என்னுது" என்று பிரிப்பார்கள். இதற்குக் கவிழ்ப்பு என்றே பெயர் வைத்திருந்தார்கள். முதல் நாள் ஆர்டருக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள்கூடக் கவிழ்ப்பில் அடுத்தவன் நாற்காலியை ஒளித்ததில்லை. வாடிக்கையாளரைப் பறிக்கலாம், நாற்காலியைப் பறிக்கக் கூடாது. எழுதாத சட்டம். எழுதின சட்டத்தைவிட ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் சின்ன லாரி வந்து சேர்ந்தான்.

வேறு ஊர்க்காரன். ஒரு பழைய குட்டி லாரி, ஒரு மனைவி, லாரி நிறைய நாற்காலி. இதுதான் சொத்து. ரயிலடிப் பக்கம் ஒரு கொட்டகை பிடித்தான். வாடகையைக் குறைத்தான். அதோடு விட்டானா? நாற்காலியைக் கொண்டு வந்து இறக்குவதோடு நிற்காமல் வரிசையாகப் போட்டும் கொடுத்தான். முடிந்ததும் கூடத்தைப் பெருக்கியும் கொடுத்தான். அடையாளத்துக்குப் பெயின்ட் கிடையாது. பழுக்கக் காய்ச்சின கம்பியால் அடியில் ஒரு பெருக்கல் குறி சுட்டு வைத்திருந்தான்.

அக்காவின் நிரந்தர வாடிக்கைகள் ஒவ்வொன்றாக நழுவின. அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. நேரே கொட்டகைக்குப் போனாள்.

"ஏம்பா, நாற்காலி வாடகைக்கு விடறியா, இல்ல தானம் பண்றியா?"

"வாங்கக்கா, உட்காருங்க."

"உன் நாற்காலியில நான் உட்கார மாட்டேன். இந்த வாடகைக்குக் குடுத்தா உனக்கு என்னப்பா மிஞ்சும்?"

"நானும் என் பொண்டாட்டியும்தான்க்கா வேலை. கூலிக்கு ஆள் இல்ல. அதனால மிஞ்சுது."

"எத்தனை நாளைக்கு? இடுப்பு போயிடும்டா."

"இடுப்பு போனதும் வாடகையை ஏத்திடறேன்க்கா" என்றான் சிரிக்காமல். அவன் மனைவி உள்ளே சிரித்தது கேட்டது.

திரும்பி வரும்போது அக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் சொன்ன பதிலில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லையே என்பதுதான் அதிக எரிச்சல்.

அந்த மாதத்தில் மைதானத்தில் ஒரு பெரிய பொதுக்கூட்டம். நடத்தினவர்கள் முன்பாதிக்குச் சங்கத்திடமும் பின்பாதிக்குச் சின்ன லாரியிடமும் நாற்காலி எடுத்தார்கள். ஜனம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. மறுநாள் கவிழ்ப்புக்கு அக்காவால் போக முடியவில்லை. பல் வலி, தாடை வீங்கிக் கிடந்தாள். கொழுந்தனை அனுப்பினாள்.

சாயங்காலம் சின்ன லாரி குடோன் வாசலில் வந்து நின்றான். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, என் நாற்காலி பாதிக்கு மேல காணோம். கவிழ்ப்புக்கு நேரம் சொன்னாங்க, நான் வந்தப்ப மைதானமே காலி. எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். தவறுதலா உங்ககிட்ட ஏதாவது வந்திருக்கா?"

அக்கா வீங்கின தாடையோடு எழுந்து நின்றாள். "என்னைப் பாத்து இந்தக் கேள்வி கேக்கறியே! தள்ளுவண்டி தள்ளின காலத்துலருந்து இன்னைக்கு வரைக்கும் என் குடோன்ல அடுத்தவன் நாற்காலி ஒண்ணு இருந்ததுன்னு ஒருத்தன் சொல்லட்டும், இந்தத் தொழிலையே விட்டுடறேன். போ, போய்க் கூட்டத்துக்கு வந்தவங்க வீட்டுல தேடு!"

"மன்னிச்சிடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். போகும்போது அந்தக் குட்டி லாரியைக் கிளப்ப முடியாமல் இறங்கித் தள்ளினான். அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கூட ஒரு கை கொடுக்கவில்லை. எதிரிக்கு எதற்குக் கை கொடுப்பது?

சில நாள் கழித்து மேடைக்காரர் வந்தார். கையில் பழக்கூடை. அவர் பழம் கொண்டு வந்தால் விதை வேறெங்கோ இருக்கும்.

"அக்கா, சின்ன லாரி விஷயத்தை ஒரேயடியா முடிச்சுடலாம்" என்றார். "நகர மண்டபத்துல ஒரு விதி கொண்டு வரோம். சங்கத்து ஆளுங்க மட்டும்தான் உள்ளே நாற்காலி போடலாம். சங்கத்துல புதுசா யாரையும் சேக்கறதில்ல. மேனேஜர்கிட்ட பேசிட்டேன். எல்லாரும் ஒருமனசா வந்து சொன்னா மேலிடத்துக்கு எழுதறேன்னுட்டார்."

"மண்டபம் ஊருக்குப் பொது ஆச்சே?"

"பொதுதான். யார் இல்லைன்னா? ஆனா நாம அஞ்சாறு குடும்பம் இதை நம்பி இருக்கோம். நம்மகிட்ட வேலை பாக்கறவங்க எத்தனை பேரு? அவன் புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேர். நாளைக்கே லாரியைத் திருப்பிக்கிட்டு வேற ஊருக்குப் போயிடுவான். அதுக்குள்ள வாடகையை இறக்கி நம்ம எல்லாரையும் படுக்க வெச்சுட்டுப் போவான். அப்ப ஊருக்கு யார் நாற்காலி போடறது? நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. மறுக்கிறவர்கள் தொழில் நடத்தாதவர்கள். குடோன் வாடகை, கூலி, போன வருஷம் கடனுக்கு வாங்கின புது நாற்காலிகள் எல்லாம் அவள் கண் முன்னால் வந்து நின்றன.

மேடைக்காரர் எழுந்தார். "அரிசி மில்லுக்காரர் வீட்டுக் கல்யாணம் உங்க ஆர்டர்தானே? உங்க நாற்காலி பாதிக்குத்தான் வரும். மீதிக்கு நாங்க இருக்கோம், கவலைப்படாதீங்க." வாசலில் நின்று ஒரு தடவை திரும்பினார். "நாங்க இருக்கோம்னா, நீங்களும் எங்களோட இருக்கணும்."

அந்தக் கல்யாணம் அவள் வாழ்நாளில் பிடித்த ஆர்டர்களிலேயே பெரியது. நாற்காலி குறைந்தால் மானம் போகும். மானம் போனால் அந்தத் தெருவில் அவளுக்கு ஒன்றும் மிஞ்சாது. "பாக்கலாம்" என்றாள். அவள் "பாக்கலாம்" என்றால் பாதிச் சம்மதம் என்று மேடைக்காரருக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், கழுவ ஆள் போதாமல் அக்காவும் தொட்டிப் பக்கம் உட்கார்ந்தாள். நாற்காலியைக் கவிழ்த்து, நாரால் அடியைத் தேய்த்தாள். சிவப்பு வளையத்துக்குள்ளே கட்டைவிரலில் ஏதோ தட்டுப்பட்டது. குழிவாக ஒரு கோடு. அதன் குறுக்கே இன்னொரு கோடு. பெயின்ட் அடித்தால் நிறம் மறையும்; சுட்ட வடு மறையுமா?

அடுத்த நாற்காலியைக் கவிழ்த்தாள். அதிலும் வடு. அதற்கடுத்ததிலும். ஒரு தூணே அப்படி.

"டேய், இங்க வா!"

கொழுந்தன் ஈரக் கையோடு வந்தான். கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்ததும் கால் பின்வாங்கியது.

"இது என்னடா?"

"அண்ணி... சங்கத்துல சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"அவன் நாற்காலியை ஆளுக்குக் கொஞ்சமா எடுத்துக்கலாம்னு. நாற்காலி இல்லாட்டி அவனே ஊரை விட்டுப் போயிடுவான்னாங்க. நம்ம பங்குன்னு வண்டியில ஏத்திட்டாங்க. பெயின்ட் மட்டும்தான் அண்ணி நான் அடிச்சேன்."

"பெயின்ட் மட்டும்தானா? எந்தப் பெயின்ட்? என் சிவப்பு! திருட்டுக்கு என் அடையாளத்தைக் குத்தி வெச்சிருக்கியேடா!"

"உங்களுக்கு நல்லதுன்னுதான்..."

"எனக்கு நல்லது பண்ண உன்னை எவன்டா கேட்டான்? அவன் இந்த வாசல்ல வந்து நின்னான். நான் நெஞ்சைத் தட்டிப் பேசினேன். நீ அந்தத் தூணுக்குப் பின்னாலதானே நின்னுக்கிட்டு இருந்தே? வாய்ல என்ன வெச்சிருந்தே?"

அவன் அழுதுவிட்டான். வளர்ந்த ஆள், மீசை வைத்தவன், குழந்தை மாதிரி அழுதான். புருஷன் வந்து பார்த்தார். ஒரு நாற்காலியைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "கோணல்" என்று மட்டும் சொன்னார். எந்தக் கோணலையும் தட்டி நிமிர்த்துகிறவர் சொன்ன சொல் அது. அக்காவுக்கு அது போதும்.

அவளுக்கு வந்த கோபம் நாற்காலிக்காக இல்லை. போட்டி போடத் துப்பில்லாத ஒரு கூட்டம், திருட்டையும் விதியையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டி, அவள் பேரையும் அதில் நனைத்துவிட்டதே! குதிரை கீழே தள்ளினது போதாதென்று குழியும் பறித்த கதை. அந்தக் குழியில் அவளுக்கு மண்வெட்டியைக் கொடுத்திருந்தார்கள்.

மண்டபத்து மேனேஜர் அறையில் மறுநாள் சங்கம் கூடியது. மேனேஜர் சண்டையே பிடிக்காத மனிதர். மின்விசிறியின் கீழே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேடைக்காரர் நின்றபடி பேசினார். பாதுகாப்பு என்ற சொல் அவர் வாயில் உருண்டு உருண்டு வந்தது.

"பொதுமக்கள் பாதுகாப்புக்காகத்தான் சார் கேக்கறோம். எவனோ வந்து மட்டமான நாற்காலியைப் போட்டு, பெரியவங்க யாராவது விழுந்துட்டா யார் பொறுப்பு?"

"எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று மேனேஜர் சுற்றிப் பார்த்தார். எல்லாத் தலையும் ஆடியது. அக்கா இடம் காலியாக இருந்தது.

அப்போது வெளியே தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. அக்கா கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். இரண்டு கையிலும் நாற்காலிகள். கொழுந்தன் பின்னால் இன்னும் தூக்கிக்கொண்டு வந்தான். மேனேஜர் மேஜைக்கு முன்னால் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் போட்டாள். சிவப்புப் பெயின்ட்டைச் சுரண்டியிருந்தாள். பெருக்கல் குறி பல்லைக் காட்டியது.

"என்னம்மா இது?" என்றார் மேனேஜர்.

"கவிழ்ப்பு சார். இவங்க மைதானத்துல செய்யாம விட்டதை நான் இங்க செய்யறேன். இது சின்ன லாரி நாற்காலி. என் குடோன்ல இருந்தது. இவங்க குடோன்லயும் இருக்கு. பெயின்ட்டைச் சுரண்டிப் பாருங்க."

பாத்திரக்காரர் மேற்கூரையைப் பார்த்தார். விளக்குக்காரர் தன் செருப்பைப் பார்த்தார்.

மேடைக்காரர் முகம் சிவந்தது. "அக்கா, வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டு வரீங்க. இதெல்லாம் உங்களுக்கும் சேர்த்துத்தான் பண்ணினது."

"என்னைக் கேட்டுப் பண்ணினீங்களா?"

"அவன் வந்ததுல முதல் அடி உங்களுக்குத்தானே விழுந்தது? யாருக்காகப் பேசறீங்க?"

"அவனுக்காக நான் ஏன் பேசணும்? அவன் என் வாடிக்கையை எடுத்தவன். அவனை நினைச்சா எனக்கு ரத்தம் கொதிக்குது. ஆனா அவன் குறைஞ்ச வாடகைக்குக் குடுத்து எடுத்தான், கூட்டிப் பெருக்கிக் குடுத்து எடுத்தான். என் குடோனுக்குள்ள கையை விட்டு எடுக்கலையே!"

"நீங்க புதுசா வந்தப்ப நாங்க உங்களை இருக்க விட்டோமா இல்லையா? அந்த நன்றி..."

"விட்டீங்களா? இடுப்பு கையில வந்துடும்னு ஊரெல்லாம் சொன்ன வாய் எது? நீங்க விட்டு நான் வரலை மேடைக்காரரே. அப்ப இந்த விதி இல்ல. அதனால வந்தேன். இருந்திருந்தா இன்னைக்கும் நான் இந்த அறையைப் பெருக்கிக்கிட்டு இருப்பேன். நீங்க காலைத் தூக்கிக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க!"

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "அம்மா, தரம்னு ஒரு பிரச்சினை இருக்கில்ல..."

"இருக்கு சார். தரம் பாக்கணும்னா நாற்காலியைப் பாருங்க. எல்லாக் கடை நாற்காலியையும் வாசல்ல போடச் சொல்லுங்க. ஏறிக் குதிச்சுப் பாருங்க. உடையறதை வெளியே தள்ளுங்க, என்னோடதா இருந்தாலும் தள்ளுங்க. ஆளைப் பாத்துக் கதவைச் சாத்தாதீங்க. எனக்குச் சம்மதம் இல்ல. இல்லைன்னு சத்தமாவே சொல்லிட்டேன்."

ஒருமனது உடைந்தது. மேனேஜருக்கு உள்ளூர நிம்மதி. எழுத வேண்டிய வேலை மிச்சம். "அப்போ இது இப்படியே இருக்கட்டும்" என்று எழுந்துவிட்டார்.

வராந்தாவில் மேடைக்காரர் அவளை நிறுத்தினார். "அரிசி மில்லுக்காரர் கல்யாணத்துக்கு எங்ககிட்டருந்து ஒரு நாற்காலி வராது. சபையில எல்லாரையும் நிக்க வெச்சுப் பாருங்க. அப்ப தெரியும் சங்கம்னா என்னன்னு."

"நின்னா நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். தெருமுனை திரும்பினதும் கல்யாணத்துக்குக் குறைகிற நாற்காலிகளைக் கணக்குப் போட ஆரம்பித்தாள். வீரம் பேசுகிற இடத்தில் வீரம். தனியாக நடக்கும்போது எல்லாரும் மனுஷர்தான்.

அன்றைக்கே சின்ன லாரியின் நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். அவன் மனைவி ஈரத் துணியோடு வெளியே வந்து பார்த்தாள். அவன் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தான்.

"என் குடோன்லதான் இருந்தது" என்றாள் அக்கா. "எனக்குத் தெரியாது. தெரியாம இருந்ததும் என் தப்புதான். மேடைக்காரர்கிட்ட இருக்கறதை நீ போய்க் கேளு. மேனேஜரும் பாத்துட்டார், இனிமே மறைக்க முடியாது."

அவன் தலையசைத்தான். மனைவி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்தாள். அக்கா குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வர்ற கல்யாணத்துக்கு எனக்கு நாற்காலி வேணும். வாடகைக்கு."

"எவ்வளவு வேணுமோ எடுத்துக்குங்கக்கா. எங்க வழக்கமான வாடகைதான்."

அக்கா நிமிர்ந்தாள். "வழக்கமான வாடகையா? உனக்காகச் சங்கத்தையே பகைச்சுக்கிட்டு வந்திருக்கேன்!"

"எனக்காகவா பகைச்சீங்க?"

"இல்ல" என்றாள் அக்கா கடுப்பாக. "எனக்காக."

"அப்போ வாடகை வாடகைதான்க்கா. முன்பணமும் உண்டு. எல்லாருக்கும் ஒரே விதி."

"கடைஞ்செடுத்த கஞ்சன்டா நீ!"

"என் வாடகை ரொம்பக் குறைச்சல், தானம் பண்றேன்னு நீங்கதானே சண்டைக்கு வந்தீங்க?"

மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அக்கா அரைமணி நேரம் பேரம் பேசினாள். ஒரு காசு இறங்கவில்லை. லாரிக் கூலியை மட்டும் விட்டுக்கொடுத்தான். அதுவும் அவள் புருஷன் அந்த லாரியின் ஸ்டார்ட்டரைப் பார்த்துச் சரிசெய்து கொடுத்த பிறகுதான்.

மேனேஜருக்கே தெரிந்துவிட்டதால் மற்றவர்களும் சின்ன லாரியின் நாற்காலிகளைத் திருப்பிவிட்டார்கள். கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. ஒருவர் நிற்கவில்லை. வாழ்த்த வந்த மேடைக்காரர்கூட உட்கார்ந்துதான் சாப்பிட்டார்; யார் நாற்காலியில் என்று கவிழ்த்துப் பார்த்திருக்க மாட்டார். மறுநாள் கவிழ்ப்பில் இரண்டே கடை. சின்ன லாரியும் அவன் மனைவியும் ஒரு பக்கம். அக்காவும் புருஷனும் கொழுந்தனும் ஒரு பக்கம். வளையம் இங்கே, பெருக்கல் குறி அங்கே. ஒன்றுகூடக் குறையவில்லை.

சங்கம் அவளை நீக்கிவிட்டது. நீக்கட்டும். அவள் பிறக்கும்போது சங்கத்தோடு பிறக்கவில்லை. ஆனால் இதனால் சின்ன லாரியும் அவளும் உறவாகிவிட்டார்கள் என்று யாராவது நினைத்தால், அவர்களுக்குத் தொழில் தெரியாது என்று அர்த்தம். அடுத்த மாதமே பள்ளிக்கூட ஆண்டுவிழா ஆர்டரை அவன் அடித்துக்கொண்டு போனான். மடக்கு நாற்காலிக் காலத்திலிருந்து அது அவளுடைய வாடிக்கை!

விழா அன்று காலையில் அக்கா பள்ளி மைதானத்துக்குப் போனாள். நாற்காலிகள் நூல் பிடித்த மாதிரி வரிசையில் இருந்தன. ஒன்றில் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. முதுகுச் சட்டத்தின் இடுக்கில் விரலை விட்டுத் துழாவினாள். இறங்கிக் குனிந்து, நாற்காலியின் காலைத் தூக்கி அடியைப் பார்த்தாள்.

"என்னக்கா தேடறீங்க?" சின்ன லாரி பின்னால் நின்றான்.

"அழுக்கு."

"கிடைச்சுதா?"

அக்கா எழுந்து விறுவிறுவென்று நடந்தாள். கோபத்தில் செருப்பு தரையை அறைந்துகொண்டு போனது. குடோனில் கொழுந்தன் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டுத் துண்டை விரித்துச் சாய்ந்திருந்தான்.

"எழுந்திரு. எல்லாத்தையும் கீழே இறக்கு."

"அண்ணி! நேத்துதானே எல்லாம் கழுவி அடுக்கினோம்!"

"கழுவினியா? நீ கழுவினது கழுவலே இல்ல. நாற்காலியோட காலுக்கு அடியிலகூட பிரஷ் போட்டிருக்கான்டா அந்தப் பாவி!" சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்தப் பிரஷ் எங்க விக்குதுன்னு உங்க அண்ணனை விசாரிச்சுட்டு வரச் சொல்லு. அடுத்த வருஷம் அந்தப் பள்ளிக்கூடம் என்கிட்ட திரும்பி வரணும்."